பிறப்புறுப்பு அக்கி: அறியாமையின் விலை

(சுகாதாரக் களப்பணியாளர்களுக்கான பயிற்சி வகுப்பில் நிகழ்த்தப்பெற்ற உரை)

நாட்டின் வளர்ச்சியை அளவிடுவோர் விளைச்சல், மின் உற்பத்தி, ஏற்றுமதி ஆகியவற்றின் புள்ளிவிவரங்களையே முதலில் நாடுவது வழக்கம். வெளியே சொல்ல நாணி மறைக்கப்படும் ஒரு நோயால் இழக்கப்படும் வேலைநாட்களும், போலி மருத்துவரிடம் கொட்டிக் கொடுக்கப்படும் சேமிப்பும், ஐயத்தால் பிளவுபடும் குடும்பங்களும் அந்தக் கணக்கில் இடம்பெறுவதில்லை. இவ்வாறு கணக்கில் வராத துன்பங்களுள் ஒன்று பிறப்புறுப்பு அக்கி. மருத்துவர்கள் இதனை ஹெர்ப்பிஸ் என்பர்.

இது அரிதான நோயன்று. உலகச் சுகாதார நிறுவனம் 2024 டிசம்பரில் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 15 முதல் 49 வயது வரையிலான மக்களுள் 84.6 கோடிப் பேர் பிறப்புறுப்பில் இக்கிருமியின் தொற்று உடையவர்கள். ஐவருள் ஒருவருக்கும் மேற்பட்டோர் என்று இதனைக் கொள்ளலாம். ஆண்டுதோறும் 4.2 கோடிப் பேருக்குப் புதிதாகத் தொற்று ஏற்படுகிறது. ஆயினும், 2020-ஆம் ஆண்டில் ஒருமுறையேனும் அறிகுறியால் வருந்தியவர்கள் சுமார் 20 கோடிப் பேரே. எஞ்சியோரில் மிகப் பலர் தமக்குத் தொற்று இருப்பதையே அறியாதவர்கள். இந்நோயைப் பற்றிய அனைத்துச் சிக்கல்களும் இந்த ஓர் உண்மையிலிருந்தே கிளைக்கின்றன.

ஒரு பெயர், இரு நோய்கள்

அக்கி என்னும் சொல் தமிழ் மக்களுக்குப் புதியதன்று. மார்பிலோ விலாவிலோ ஒரு பக்கமாகக் கொப்புளங்கள் வரிசையாக எழுந்து எரிச்சல் தரும்போது, குயவர் இல்லம் சென்று காவிமண் குழைத்து 'அக்கி எழுதி' வருவது கிராமங்களில் நெடுங்கால வழக்கம். அந்த அக்கி, சின்னம்மைக் கிருமி உடலில் தங்கிப் பின்னாளில் மீண்டும் கிளர்வதால் வருவது. அதற்கும் பால்வினைத் தொடர்புக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை.

இங்கு விளக்கப்படும் நோய்க்குக் காரணம் ஹெர்ப்பிஸ் சிம்ப்ளெக்ஸ் என்னும் வேறொரு நச்சுயிரி. இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. மார்பில் அக்கி கண்டவரைத் தவறான நடத்தை உடையவர் என்று கருதுவதும், பிறப்புறுப்பில் கொப்புளம் கண்டவர் காவிமண் பூசிக்கொண்டு மருத்துவரை நாடாதிருப்பதும் பெயர்க் குழப்பத்தால் விளையும் தீங்குகள். களப்பணியாளர் முதலில் தெளிவுபடுத்த வேண்டியது இவ்வேறுபாட்டையே.

கிருமியும் அதன் மறைவிடமும்

ஹெர்ப்பிஸ் சிம்ப்ளெக்ஸ் நச்சுயிரியில் இரு வகைகள் உள்ளன. முதல் வகை பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே, முத்தத்தாலும் எச்சிலாலும் வாய்வழியே தொற்றுவது. காய்ச்சலின்போது உதட்டோரத்தில் எழும் சிறு கொப்புளங்களுக்கு இதுவே காரணம். இரண்டாம் வகை முக்கியமாக உடலுறவு வழியே தொற்றுவது. ஆயினும் முதல் வகையும் வாய்வழி உறவின் மூலம் பிறப்புறுப்பை அடையக்கூடும். மேற்கூறிய மதிப்பீட்டின்படி, பிறப்புறுப்புத் தொற்றில் இரண்டாம் வகை உடையோர் 52 கோடி. முதல் வகை உடையோர் 37.6 கோடி. இரு வகைகளும் ஒருங்கே அமைந்தோரும் இவர்களுள் உண்டு.

தோலின் நுண்ணிய பிளவுகள் வழியாகவோ, மென்மையான சளிச்சவ்வு வழியாகவோ உட்புகும் இக்கிருமி, அங்கே பெருகியபின் நரம்பிழைகளைப் பற்றிச் சென்று முதுகுத் தண்டின் அடிப்பகுதியை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் தங்கிவிடுகிறது. உடலின் எதிர்ப்பாற்றலோ, உட்கொள்ளும் மருந்தோ அங்கிருந்து அதனை அறவே அகற்ற இயலுவதில்லை. அவ்வப்போது அது விழித்து, வந்த நரம்பின் வழியே மீண்டும் தோலுக்குத் திரும்புகிறது. சில வேளைகளில் கொப்புளமாக வெளிப்படுகிறது. வேறு சில வேளைகளில் எவ்வித அடையாளமும் இன்றித் தோலின் மேற்பரப்பில் தோன்றி மறைகிறது.

அறிகுறிகள்

தொற்று ஏற்பட்ட 2 முதல் 12 நாட்களுக்குள் முதல் அறிகுறிகள் தோன்றலாம். குறிப்பிட்ட இடத்தில் ஊறலும் கூச்சமும் எரிச்சலும் முதலில் உணரப்படும். பின்னர், சிவந்த தோலின்மீது சிறு சிறு நீர்க்கொப்புளங்கள் கொத்தாக எழும். அவை உடைந்து, ஆழமற்ற, ஆனால் மிகுந்த வலியுள்ள புண்களாகும். முதல்முறை வரும்போது காய்ச்சல், உடல்வலி, தொடை இடுக்கில் நெறி கட்டுதல், சிறுநீர் கழிக்கையில் கடும் எரிச்சல் ஆகியனவும் சேர்வதுண்டு. இப்புண்கள் 2 முதல் 4 வாரங்களில் தழும்பின்றி ஆறிவிடுகின்றன. ஆறிவிட்டதனாலேயே நோய் நீங்கிவிட்டது என்று கருதுவது பெரும் பிழை.

மீண்டும் வரும்போது புண்கள் குறைவாகவும், வலி மிதமாகவும், நாட்கள் சுருங்கியும் இருக்கும். இரண்டாம் வகைக் கிருமி அடிக்கடி திரும்பி வரும் இயல்புடையது. முதல் வகை அவ்வாறு அடிக்கடி வருவதில்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல இத்தாக்குதல்கள் பொதுவாகக் குறைகின்றன.

புண்கள் பிறப்புறுப்பில் மட்டுமே தோன்றும் என்பதில்லை. தொடை, பிட்டம், ஆசனவாய் ஆகிய இடங்களிலும் தோன்றலாம். பெண்களுக்குக் கருப்பையின் வாய்ப்பகுதியில் புண் இருப்பின் அது கண்ணுக்குப் புலப்படாது. வெள்ளைப்படுதலாகவோ, சிறுநீர்க் கடுப்பாகவோ எண்ணப்பட்டுக் கைவைத்தியத்தோடு விடப்படுவதும் உண்டு. ஆண்களோ, சிறு கீறல், உள்ளாடை உராய்வு, பூச்சிக்கடி என்று கருதி வாளாவிருந்து விடுகின்றனர்.

மேகநோய், கிரந்தி என்றெல்லாம் மக்கள் கூறும் பிற நோய்களிலிருந்து இதனைப் பிரித்தறிவதும் முக்கியம். சிபிலிஸ் நோயின் முதற்புண் பெரும்பாலும் ஒன்றாக, கெட்டியாக, வலியற்றதாக இருக்கும். அக்கிப் புண்கள் பலவாகவும் வலியுடையனவாகவும் இருக்கும். எனினும் கண்ணால் மட்டும் முடிவு செய்தல் தகாது. ஒருவருக்கே இரு நோய்களும் சேர்ந்திருத்தல் கூடும். பென்சிலின் ஊசியால் முற்றிலும் குணமாகக் கூடிய சிபிலிசைத் தவறவிட்டால், அது பின்னாளில் இதயத்தையும் மூளையையும் தாக்கும். ஆகவே, பிறப்புறுப்பில் புண் கண்ட எவரும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது இன்றியமையாதது.

பரவும் வழிகள்

இந்நோய் தோலோடு தோல் உராயும் நெருங்கிய உறவினாலேயே பரவுகிறது. புண் இருக்கும் நாட்களில் பரவும் வாய்ப்பு மிகுதி என்பதில் ஐயமில்லை. ஆனால் புண் இல்லாத நாட்களிலும் பரவுகிறது என்பதே மக்கள் அறியாத செய்தி. 2011-ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், இரண்டாம் வகைத் தொற்று உடையவர்களிடமிருந்து நாள்தோறும் மாதிரி எடுத்துச் சோதிக்கப்பட்டது. அறிகுறி கண்டவர்களிடம் ஐந்தில் ஒரு நாளும், அறிகுறியே கண்டிராதவர்களிடம் பத்தில் ஒரு நாளும் கிருமி தென்பட்டது. தமக்கு நோய் இருப்பதை அறியாத ஒருவர், அறியாமலேயே அதனைப் பிறருக்கு அளிக்கிறார் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பொதுக் கழிப்பறை, படுக்கை விரிப்பு, துண்டு, சோப்பு, நீச்சற்குளம் ஆகியவற்றால் இந்நோய் பரவுவதில்லை. உடலுக்கு வெளியே இக்கிருமி நெடுநேரம் நிலைப்பதில்லை. ஒரே வீட்டில் உண்டு உறங்குவோரை ஒதுக்கி வைப்பதற்கோ, அவர்தம் துணிமணிகளைத் தனியே துவைப்பதற்கோ எவ்விதத் தேவையும் இல்லை.

ஆபத்தின் அளவு

ஒருவருக்குத் தொற்று இருப்பின் அவர்தம் துணைக்கு அது தொற்றியே தீரும் என்பது மற்றொரு தவறான அச்சம். 2004-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், ஒருவருக்கு மட்டும் இரண்டாம் வகைத் தொற்று இருந்த 1,484 இணையர் எட்டு மாதங்கள் கவனிக்கப்பட்டனர். பாதுகாப்பு முறைகள் அனைவருக்கும் எடுத்துரைக்கப்பட்டன. வேலசைக்ளோவிர் என்னும் மருந்து அளிக்கப்படாத பிரிவில், தொற்று இல்லாதிருந்த துணைவருள் 3.6 சதவிகிதத்தினருக்கு நோய் தொற்றியது. நாள்தோறும் அம்மருந்தை உட்கொண்டவர்களின் துணைவருள் 1.9 சதவிகிதத்தினருக்கே தொற்றியது. ஆபத்து ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது எனலாம்.

ஆணுறை ஆபத்தைக் குறிப்பிடத்தக்க அளவு குறைக்கிறது. ஆனால் அது மூடாத தோற்பகுதி வழியே கிருமி தொற்றக் கூடுமாதலால், முழுக் காப்பு அளிப்பதில்லை. ஊறலோ எரிச்சலோ தோன்றிய நாள் முதல் புண் முற்றிலும் ஆறும் வரை உறவைத் தவிர்த்தல், எஞ்சிய நாட்களில் ஆணுறை அணிதல், மருத்துவர் அறிவுரைப்படி மருந்து உட்கொள்ளல் ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று துணையானவை. உடலமைப்பின் காரணமாக, ஆணிடமிருந்து பெண்ணுக்குத் தொற்றும் வாய்ப்பே அதிகம் என்பதும் கருதத்தக்கது.

இவற்றுக்கு மேலாகச் செலவே இல்லாத காப்பு ஒன்று உண்டு. அது உண்மையைச் சொல்லுதல். 2006-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், தமக்கு அக்கி இருப்பதைத் துணையிடம் முன்னரே தெரிவித்தவர்களிடமிருந்து நோய் தொற்றுவதற்குச் சென்ற இடைக்காலம் 270 நாட்கள். தெரிவிக்காதவர்களிடமிருந்து தொற்றுவதற்கு 60 நாட்களே. எந்த மருந்துக் கடையிலும் கிடைக்காத இக்காப்பு, நாணத்தின் காரணமாகவே பயன்படாமல் கிடக்கிறது.

எச்.ஐ.வி. தொற்றுடன் இந்நோய்க்குள்ள தொடர்பும் கவலைக்குரியது. இரண்டாம் வகைத் தொற்று உடையவருக்கு எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழ மும்மடங்காகிறது. ஒருவரின் நோய் அவரோடு நில்லாமல் பிறர்மீதும் சுமையை ஏற்றுவதைப் பொருளியல் நூல்கள் புறவிளைவு என்கின்றன. அத்தகைய சுமையைக் குறைக்கப் பொதுப் பணத்தைச் செலவிடுவது முறையான திட்டச் செலவேயாகும்.

பழி சுமத்தும் பிழை

மணமாகிப் பத்தாண்டுகள் இணக்கமாக வாழ்ந்த ஓர் இணையரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். திடீரென ஒருநாள் மனைவிக்குக் கொப்புளம் தோன்றுகிறது. மருத்துவர் அக்கி என்கிறார். "பத்தாண்டுகளாக இல்லாதது இப்போது எங்கிருந்து வந்தது?" என்று கணவன் கேட்கிறான். உறவினரும் கேட்கின்றனர். அவள் பதில் அறியாது நிற்கிறாள். ஆனால் அந்தக் கிருமி மணத்துக்கு முன்னரே கணவனிடம் இருந்து, அவனுக்கு எந்த அடையாளமும் காட்டாமல், ஆண்டுகள் கழிந்தபின் அவளுக்குத் தொற்றியிருக்கலாம். அல்லது அவளிடம் நெடுநாள் உறங்கிக் கிடந்து, ஏதோ ஒரு காய்ச்சலின்போதோ களைப்பின்போதோ முதன்முறையாக வெளிப்பட்டிருக்கலாம். வாய்ப்புண் உடைய ஒருவரிடமிருந்து வாய்வழி உறவினால் முதல் வகைக் கிருமி வந்திருக்கவும் கூடும். புண் தோன்றிய நாளைக் கொண்டு, தொற்று வந்த நாளையோ தந்தவரையோ கணிக்க இயலாது.

1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம், பிறருக்குத் தொற்றக்கூடிய நிலையிலுள்ள பால்வினை நோயை மணவிலக்குக் கோருவதற்கான காரணங்களுள் ஒன்றாகக் குறிப்பிடுகிறது. இந்நிலையில், நோயின் இயல்பு அறியாது எழுப்பப்படும் ஐயம் ஒரு பெண்ணின் வாழ்விடத்தையும் வாழ்வாதாரத்தையும் பறித்துவிடக்கூடும். இத்தகைய வேளையில் களப்பணியாளர் கூறும் ஒரு தெளிவான சொல், பல நாள் பஞ்சாயத்தினும் பயனுடையது.

தாயும் சேயும்

அக்கி உடைய பெண் தாயாக இயலாது என்பது உண்மையன்று. கருவுறும் முன்னரே தொற்று இருந்திருப்பின், தாயின் எதிர்ப்புப் பொருள்கள் குழந்தைக்கும் சென்று காக்கின்றன; பிரசவத்தின்போது தொற்றும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. கருவுற்ற காலத்தின் இறுதியில் புதிதாகத் தொற்று ஏற்படுவதே பெரும் ஆபத்து. அப்போது 30 முதல் 50 சதவிகிதக் குழந்தைகளுக்குத் தொற்றக்கூடும். பச்சிளங் குழந்தைக்கு இந்நோய் உயிரிழப்பையும் மூளைப் பாதிப்பையும் விளைவிக்கவல்லது.

ஆகவே, கணவனுக்கு அக்கி இருந்து மனைவிக்கு இல்லையெனில், கடைசி மூன்று மாதங்களில் உறவைத் தவிர்ப்பது நலம். மனைவிக்கு முன்னரே அக்கி இருப்பின், அதனை மருத்துவரிடம் மறைக்காது கூறுதல் வேண்டும். பிரசவ வலி தொடங்கும்போது புண் இருப்பின் அறுவை மூலம் குழந்தையை எடுப்பது குழந்தையைக் காக்கும். இந்த ஒரு செய்தியை மாமியாரின் முன்னிலையில் எந்தப் பெண்ணும் கூறமாட்டாள். தனிமையில் கேட்டறிவது கிராமச் செவிலியரின் பொறுப்பு.

சோதனையும் மருந்தும்

புண் புதிதாக இருக்கும்போது அதிலிருந்து மாதிரி எடுத்துச் செய்யும் சோதனையே சிறந்தது. புண் ஆறியபின் செல்வோருக்கு அவ்வாய்ப்பு நழுவிவிடுகிறது. இரத்தத்தில் எதிர்ப்புப் பொருளைக் காணும் சோதனை, தொற்றிய சில வாரங்கள் வரை இல்லை என்றே காட்டக்கூடும்; சில வேளைகளில் நோய் இல்லாதவருக்கும் உண்டு என்று காட்டும். அறிகுறி இல்லாத அனைவரும் இச்சோதனையைச் செய்துகொள்ளுமாறு மருத்துவ வல்லுநர்கள் பரிந்துரைப்பதில்லை. ஆய்வுக்கூடக் கட்டணத்தை வீணாக்கி, வீண் அச்சத்தை விலைக்கு வாங்குவதால் பயனில்லை.

அசைக்ளோவிர் என்னும் மருந்து கிருமியின் பெருக்கத்தைத் தடுத்து, புண் விரைவில் ஆறத் துணைபுரிகிறது. இத்தகைய மருந்துகளுக்கு வழிவகுத்த ஆய்வுகளுக்காக ஜெர்ட்ரூட் எலியான் என்னும் அம்மையார் 1988-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இந்தியாவின் இன்றியமையா மருந்துகளின் தேசியப் பட்டியலில் அசைக்ளோவிர் இடம்பெற்றுள்ளது. அறிகுறி தோன்றிய முதல் நாளிலேயே தொடங்கினால் பயன் மிகுதி. அடிக்கடி வருந்துவோர் மருத்துவர் மேற்பார்வையில் நாள்தோறும் உட்கொள்ளலாம். நோயை வேரோடு களையும் மருந்தோ, அதனைத் தடுக்கும் ஊசியோ இதுவரை பயன்பாட்டுக்கு வரவில்லை.

எனவே, 'ஒரே மாதத்தில் பூரண குணம்' என்று சுவர்களில் எழுதுவோரின் வாக்குறுதி பொய்யானது. பால்வினை நோய்களைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மந்திர நிவாரணங்கள் சட்டம் தடை செய்துள்ளது. கடைக்காரர் தரும் ஸ்டீராய்டு கலந்த களிம்புகளும் கேடு விளைவிப்பவை. அவை எரிச்சலைத் தணிப்பதுபோல் தோன்றி, நோயை வளர்க்கக்கூடும்.

அரசின் ஏற்பாடுகள்

1992-ஆம் ஆண்டில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கப்பட்டபோது, பால்வினை நோய்த் தடுப்புப் பணியும் அதனுடன் இணைக்கப்பட்டது. அரசு மருத்துவமனைகளில் 'சுரக்ஷா' என்னும் பெயரில் இயங்கும் மருத்துவ நிலையங்களில் ஆலோசனையும் சிகிச்சையும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. ஆய்வுக்கூட வசதி இல்லாத இடங்களிலும் சிகிச்சை தாமதமாகாதிருக்க, அறிகுறிக்கேற்ற மருந்துகள் வண்ணம் பிரித்த பொட்டலங்களாக வழங்கப்படுகின்றன. அவற்றுள் அக்கிப் புண்ணுக்குரியது சிவப்புப் பொட்டலம். 1097 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் பெயர் கூறாமலேயே ஐயங்களைக் கேட்டறியலாம்.

உலக அளவில் இந்நோயால் மருத்துவச் செலவாகவும் உழைப்பு இழப்பாகவும் ஆண்டுக்கு 3,500 கோடி டாலருக்கு மேல் நேர்வதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. மறைத்து வைத்த வேதனைக்கும் உடைந்த குடும்பத்துக்கும் இக்கணக்கில் இடமில்லை. மருந்தின் விலை சிறிது. அறியாமையின் விலையோ பெரிது.

களப்பணியாளரின் கடமை

கிராமங்களில் வீடுதோறும் செல்லும் ஆஷா பணியாளரும், அங்கன்வாடி ஊழியரும், கிராமச் செவிலியரும் மருத்துவமனையின் வாயிலைக் காட்டிலும் மக்களுக்கு நெருக்கமானவர்கள். அவர்கள் நோயைக் கண்டறிய வேண்டியதில்லை. மருந்தும் எழுத வேண்டியதில்லை. கேட்டதைப் பிறரிடம் கூறாதிருத்தல், முகம் சுளிக்காதிருத்தல், புண் ஆறும் முன்னரே மருத்துவ நிலையத்துக்கு அனுப்புதல், கணவன் மனைவி இருவரையும் சேர்த்து அழைத்துவரத் தூண்டுதல் ஆகிய நான்கும் போதும்.

இரு செய்திகளை அவர்கள் ஒவ்வொரு வீட்டிலும் விதைப்பாராக. புண் இல்லை என்பது பாதுகாப்புக்குச் சான்றாகாது. புண் தோன்றியது குற்றத்துக்குச் சான்றாகாது. முதலாவதை உணர்ந்தால் நோய் பரவுவது குறையும். இரண்டாவதை உணர்ந்தால் நோயாளி மறைந்து வாழ வேண்டிய நிலை மாறும். மறைந்து வாழாத நோயாளியே சிகிச்சைக்கு வருவார். தம் துணையையும் காப்பார். பொதுச் சுகாதாரத்தின் வெற்றி அங்கிருந்தே தொடங்குகிறது.